முத்துக் கரையில் அளவைக் கல்வி

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், நகரின் தென் எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் முத்தையாபுரம். கிழக்கே துறைமுகம், சுற்றிலும் உப்பளங்கள், அவற்றுக்கிடையே ஆலைகளின் புகைபோக்கிகள். அவ்வூர்ப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் பணிபுரியும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதிகாலையில் மக்தபில் ஓதிக்கொடுத்துவிட்டுப் பின்னர்ப் பள்ளிக்குச் சென்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுப்பது என் அலுவல்.

ஒரு நாள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த வேளையில், உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள், எட்டு வயதுச் சிறுமி, எழுந்து நின்று கேட்டாள்: “சார், எங்கப்பா பாத்தித் தண்ணிக்கு டிகிரி பார்ப்பாங்க. இருபத்தஞ்சு வந்தாத்தான் உப்பு விளையுமாம். டிகிரின்னா என்ன சார்?”

“அதெல்லாம் பெரிய வகுப்பில் வரும், இப்போது ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்” என்றேன். அவள் சொன்னாள்; பிழையின்றியே சொன்னாள். ஆனால், அந்த ஆண்டு முடியும் வரை அவள் என்னிடம் வேறொரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

உண்மை என்னவெனில், அவள் கேட்டதற்கு விடை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் அன்று எனக்கு இல்லாமற்போயிற்று. ‘அறியேன்’ என்று சொல்வது அறிவின் பாதி என மதரஸாவில் பாடம் கேட்டவன் நான். அதனை ஒரு குழந்தையின் முன் மறந்தேன். அந்த உறுத்தலே என்னை விடை தேடச் செய்தது. தேடிப் புறப்பட்டபோது, நான் பிறந்து வளர்ந்த கரையின் பழைய தொழில்களும், நான் ஓதிய அறபு நூல்களும், இந்நாட்டுப் பள்ளிகளின் வரலாறும் ஓரிடத்தில் வந்து கூடக் கண்டேன். அவ்வாறு கண்டவற்றையே இங்கு நம் குடும்பத்தாரின் முன் வைக்கிறேன்.

டிகிரியின் கதை

முதலில் அச்சிறுமியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். உப்பளத்தில் ‘டிகிரி’ என்பது வெப்பத்தின் அளவன்று. நீரில் உப்பு எவ்வளவு செறிந்துள்ளது என்பதன் அளவு. அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குழல் ஒன்றை நீரில் மிதக்கவிடுவர். நீர் அடர அடரக் குழல் மேலெழும்பும். குழலின் தண்டில் கோடுகள் உண்டு. நீர்மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதுவே டிகிரி. கடல் நீர் ஏறத்தாழ மூன்றரை டிகிரி காட்டும். வெயிலில் வற்றி இருபத்தைந்தை எட்டும்போது சோற்றுப்பு படியத் தொடங்கும். முப்பதை நெருங்கியும் நீரை விட்டுவைத்தால் கசப்பான வேறு உப்புகளும் கலந்துவிடும். ஆகவே அதற்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிடுவர். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய் இந்த நாலைந்து கோடுகளுக்கிடையே அடங்கியிருக்கிறது.

இந்தக் கோடுகளை வகுத்தவர் பிரெஞ்சு நாட்டு வேதியியலார் அந்துவான் போமே, ஆண்டு 1768. அவர் செய்த முறை மிக எளியது. தூய நீரில் குழல் எதுவரை அமிழ்கிறதோ அங்கே சுழியம் என்று குறித்தார். பதினைந்து பங்கு உப்பும் எண்பத்தைந்து பங்கு நீரும் எடையிட்டுக் கலந்த கரைசலில் எதுவரை அமிழ்கிறதோ அங்கே பதினைந்து என்று குறித்தார். இடைப்பட்ட தொலைவைப் பதினைந்து சமபங்காக்கி, அதே பங்கைக் கீழ்நோக்கித் தொடர்ந்து கோடிட்டார். அவ்வளவே. தராசும் உப்பும் ஒரு குழலும் இருந்தால், எட்டு வயதுப் பிள்ளையும் செய்துவிடக்கூடிய காரியம் இது.

மிதக்கும் குழலால் நீரை அளக்கும் எண்ணம் போமேக்கு மிகவும் முற்பட்டது. ஹிஜ்ரி 515, அதாவது கி.பி. 1121ஆம் ஆண்டில் மர்வ் நகரத்து அறிஞர் அல்காஸினீ, ‘மீஸானுல் ஹிக்மா’ எனும் பெருநூலை எழுதினார். ‘ஞானத் தராசு’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். இவர் ரோமானியக் குலத்தில் பிறந்து அடிமையாய் வந்து விடுதலை பெற்றவர். திரவங்களின் கனத்தை அறியும் மிதவைக் கருவி ஒன்றைக் கிரேக்க அறிஞர் பாப்பஸின் பெயரால் அந்நூலில் விளக்கியுள்ளார். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் நூலகங்களில் இருந்துவரும் அறிவு இது. அறபு கற்ற ஆசிரியன் நான், அதனை அறியாமலே ஒரு சிறுமியின் வாயை அடைத்தேன்!

பத்துப் பெட்டிகளும் மஞ்சாடியும்

உப்புக்கு முன் இக்கரைக்குப் பெயர் தந்தது முத்து. கொற்கை தொட்டுக் காயல் வரை, காயல் தொட்டுத் தூத்துக்குடி வரை, பரதவரும் முஸ்லிம்களும் முத்துக்குளித்தலில் ஈடுபட்டனர். கீழக்கரை, காயற்பட்டினம் மரைக்காயர்கள் வணிகத்தில் சிறந்து விளங்கினர். இம்மக்களின் கடல் வீரத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அவர்களுடைய அளவை நுட்பத்தைப் பற்றிப் பேசியது குறைவு.

‘பார்’ எனப்படும் முத்துப் படுகையின் ஆழத்தை மீனவர் ‘பாகம்’ என்ற அளவால் சொல்வர். இரு கைகளையும் விரித்தால் ஒரு கைநுனியிலிருந்து மறு கைநுனி வரை உள்ள நீளமே பாகம். அறபிகள் இதே நீளத்தை ‘பாஉ’ என்பர். சலாபம் நடத்துவதா வேண்டாவா என்று முடிவு செய்யுமுன், படுகையிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களைத் தரம் பிரித்து விலை மதித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு மதிப்பு என்று கணக்கிடுவர். சிறிது பார்த்துப் பெரிதை அறியும் இம்முறையை இன்றைய புள்ளியியலார் மாதிரி எடுத்தல் என்று போற்றுகின்றனர்.

முத்தைத் தரம் பிரிக்கும் கருவி இன்னும் வியப்புக்குரியது. உள்ளங்கையில் அடங்கும் பித்தளைக் கிண்ணங்கள் பத்து. ஒவ்வொன்றின் அடியிலும் துளைகள். இவற்றுக்குப் பெட்டி என்று பெயர். முதற்பெட்டியில் இருபது துளைகள். அடுத்தடுத்தவற்றில் முப்பது, ஐம்பது, எண்பது, நூறு, இருநூறு, நானூறு, அறுநூறு, எண்ணூறு என ஏறி, பத்தாம் பெட்டியில் ஆயிரம் துளைகள். கிண்ணத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே துளைகளின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு துளையும் சிறுக்கும். இருபதாம் பெட்டியில் தங்கும் முத்து மிகப் பெரியது. ஆயிரத்தில் தங்குவது மிகச் சிறியது. பெட்டியில் சலித்த பின்னர் வடிவும் ஒளியும் நோக்கி ஆணி, வடிவு, குருவல், தூள் என்றெல்லாம் வகைப்படுத்துவர்.

என் பாட்டனார் 1950களின் பிற்பகுதியில் தூத்துக்குடியில் நடந்த சலாபங்களைக் கண்டவர். 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த அவையே இக்கரையின் கடைசிச் சலாபங்கள். அவர் கைவழியாக எங்கள் வீட்டுக்கு வந்த பழம்பொருள்களுள் ஒரு பெட்டியும் உண்டு. உம்மா அதில் ஊசியும் நூலும் வைத்திருந்தார்கள். ஐம்பது வயதைக் கடக்கும் வரை நான் அதன் துளைகளை எண்ணிப் பார்த்ததில்லை.

அடுத்து நிறை. குன்றிமணி இரண்டு கொண்டது ஒரு மஞ்சாடி. மஞ்சாடி இருபது கொண்டது ஒரு கழஞ்சு. மஞ்சாடி என்பது ஒரு மரத்தின் சிவந்த விதை. நான்கு விதை ஏறத்தாழ ஒரு கிராம் நிற்கும். மத்தியதரைக் கடலோரத்தார் ஒரு மரத்தின் விதையை எடைக்கல்லாகக் கொண்டதிலிருந்து பிறந்ததே அறபியின் ‘கீராத்’. அதுவே இன்று நகைக்கடைகளில் காரட் என வழங்குகிறது. எந்த நாட்டிலும் மனிதன் முதலில் தன் கையையும், தன் முற்றத்து மரத்தின் விதையையும் கொண்டே உலகை அளந்திருக்கிறான்.

முத்தின் விலையை நிறை ஒன்றாலேயே முடிவு செய்துவிட இயலாது. சிறு முத்துக்கள் பல சேர்ந்த நிறையும் ஒரே பெரிய முத்தின் நிறையும் சமமானாலும், மதிப்பு சமமாகாது அன்றோ? இதற்கென வணிகர் கண்ட கணக்கே ‘செவ்வு’. ‘சவ்வு’ என்றும் வழங்கும். மஞ்சாடி நிறையை அதே எண்ணால் பெருக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நான்கு முத்துக்கள் சேர்ந்து நான்கு மஞ்சாடி நிறை எனில், நாநான்கு பதினாறு. அதில் முக்கால் பன்னிரண்டு. நான்கால் வகுக்க மூன்று செவ்வு. ஒரே முத்து நான்கு மஞ்சாடி நிறை எனில், பன்னிரண்டு செவ்வு. நிறை ஒன்றே, மதிப்போ நான்கு மடங்கு! இக்கணக்கைக் கடைத்திண்ணையில் அமர்ந்து விரல் நுனியில் போட்டவர்கள் நம் முன்னோர்.

திண்ணையும் மணலும்

இவ்வளவு நுட்பம் கரையில் இருக்க, பள்ளிகளில் என்ன நடந்தது? பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவை மனப்பாடப் பகுதிகள். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒன்று. மா இருபதில் ஒன்று. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என முகத்தலளவை நீளும். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரத்த குரலில் சொல்லிப் பழகினர். 1789 முதல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் கையாண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக அது ‘சென்னை முறை’ என்று இங்கிலாந்திலும் பரவிற்று.

திண்ணைப் பள்ளியைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. அங்குக் கற்ற அளவைகள் மறுநாளே களத்திலும் கடையிலும் பயன்பட்டன. காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் வைத்தே கணக்குச் சொல்லின. பலாப்பழத்தின் காம்பருகே உள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் சுளைகளின் தொகை வரும் என்றுகூட அந்நூலில் ஒரு விதி உண்டு. ஆயினும் அந்த விதி மெய்தானா என்று ஒரு பழத்தை அறுத்து எண்ணிப் பார்க்குமாறு பிள்ளையிடம் சொன்ன ஆசிரியர் எத்தனை பேர்? வாய் கற்றது, கை கற்கவில்லை. முத்துக் கடையில் கை கற்றது. ஆனால் அக்கல்வி கடைக்காரரின் மகனோடு நின்றது. 1957 ஏப்ரல் முதல் நாணயமும், 1958 அக்டோபர் முதல் படிப்படியாக எடைகளும் அளவுகளும் பதின்ம முறைக்கு மாறியபோது, பழைய வாய்ப்பாடுகள் மறைந்தன. ஒப்பிக்கும் வழக்கமோ மறையவில்லை. உழக்கும் உரியும் இருந்த இடத்தில் கிராமும் லிட்டரும் வந்து அமர்ந்தன.

மதீனாவின் ஸாஉ

அளந்து பார்ப்பது ஏதோ புதுமை என்று எண்ணுவோருக்கு, ஃபிக்ஹு வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். பெருநாள் தர்மமாகிய ஃபித்ராவின் அளவு ஒரு ஸாஉ என்பதை நாம் அறிவோம். ஒரு ஸாஉ நான்கு முத்து. தமிழின் முத்தை எண்ணி மயங்க வேண்டா. அறபியில் முத்து என்பது நடுத்தர உடலமைப்புள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இதனை எடையால் சொல்லும்போது அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. கூஃபா நகரத்தார் ஸாஉக்கு எட்டு ரத்ல் என்றனர். மதீனாவாசிகள் ஐந்தும் மூன்றில் ஒன்றும் என்றனர். நாம் ராத்தல் என்று வழங்குவது இந்த ரத்ல் எனும் சொல்லையே.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தலைமாணாக்கரும் பாக்தாதின் தலைமைக் காழியுமான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) மதீனாவுக்கு வந்தபோது நடந்ததை இமாம் பைஹகீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். “எங்கள் ஸாஉ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து ஸாஉ” என்று ஊரார் கூறினர். அதற்கு என்ன சான்று என்று அவர் வினவினார். மறுநாள் காலை முஹாஜிர்கள், அன்சாரிகள் வழிவந்த முதியவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர், ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்த ஸாஉ மரக்காலை மேலாடைக்குள் வைத்துக் கொண்டுவந்தனர். என் தந்தை வழியாக வந்தது, என் குடும்பத்தில் இருந்தது என்று ஒவ்வொருவரும் சொன்னார். அபூயூசுஃப் (ரஹ்) அவற்றை ஒப்பிட்டார். அனைத்தும் ஒரே அளவாக இருந்தன. தாமே அளந்து நிறை கண்டார்; ஐந்தும் மூன்றில் ஒன்றும் ரத்ல், அதிலும் சிறிது குறைவு. அக்கணமே இவ்விஷயத்தில் தம் ஆசானின் கருத்தை விட்டு மதீனாவின் கருத்தை ஏற்றார்.

இதனால் ஹனஃபீ மத்ஹபின் நிலைப்பாட்டைக் குறை சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. அம்மத்ஹபில் எட்டு ரத்ல் என்பதற்கு வேறு ஆதாரங்களும் விளக்கங்களும் உண்டு. நான் சுட்ட விரும்புவது அப்பெரியார் நடந்துகொண்ட முறையை. பேரரசின் தலைமைக் காழி வாதத்தோடு நின்றுவிடவில்லை. மரக்காலைக் கையில் வாங்கி அளந்தார். அளந்தது தாம் கற்றதற்கு மாறாக வந்தபோது, தாம் கற்றதை மாற்றிக்கொண்டார். ஆசானின் மீது அவர் வைத்திருந்த மதிப்பு அதனால் ஓர் இம்மியும் குறையவில்லை.

பூமியை அளந்தோர்

அதே மரபில் வந்தவர்களே பூமியை அளந்தோரும். கலீஃபா மஃமூனின் (ஆட்சி 813–833) ஆணைப்படி, சின்ஜார் சமவெளியில் அறிஞர் குழுவினர் ஓரிடத்தில் துருவ உயரத்தைக் குறித்துக்கொண்டு, கயிறு பிடித்து முளை அடித்து, சிலர் வடக்கே, சிலர் தெற்கே நடந்தனர். வானத்தில் ஒரு பாகை மாறும் வரை நடந்த தொலைவு ஏறத்தாழ ஐம்பத்தாறும் மூன்றில் இரண்டும் அறபி மைல் என்று கண்டனர். அடுத்த இரு நூற்றாண்டுகளுக்குப் பின், பஞ்சாபின் நந்தனா கோட்டையருகே அல்பீரூனீ ஒரு மலையின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதையும் அளந்து, நடக்காமலே பூமியின் ஆரத்தைக் கணித்தார். நீர் நிறைந்த கலத்தில் ஒரு பொருளை இட்டு, வழிந்த நீரை நிறுத்து அப்பொருளின் அடர்த்தியை அறியும் கருவியையும் அவர் அமைத்தார். பொன், வெள்ளி, மரகதம், முத்து எல்லாம் அக்கருவியில் அளக்கப்பட்டன. அவருடைய இரத்தின நூலாகிய ‘கிதாபுல் ஜமாஹிர்’ முத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. நம் கரைக்கு எதிர்க்கரையான சரந்தீபின் முத்தும் அதில் இடம்பெற்றுள்ளது.

இவற்றையெல்லாம் மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் பீரூனீயின் பெயரை மனப்பாடம் செய்த பிள்ளைக்கும், ஒரு குவளை நீரில் கல்லைப் போட்டு வழிந்த நீரை அளந்த பிள்ளைக்கும் வேறுபாடு உண்டு. முன்னவன் பீரூனீயைப் புகழ்கிறான். பின்னவன் பீரூனீ செய்ததைச் செய்கிறான்.

நம் காலத்து முயற்சிகள்

கையால் கற்கும் கல்விக்கு இந்நாட்டில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய மாநாட்டின் விளைவாக அமைந்த ஆதாரக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், அந்நாளில் ஜாமிஆ மில்லிய்யாவை நடத்திவந்த டாக்டர் ஜாகிர் உசேன். பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்தவர். கைத்தொழிலை நடுவாக வைத்து, நூற்ற நூலை அளப்பதிலிருந்து கணக்கையும், பயிரிட்ட செடியைக் கவனிப்பதிலிருந்து அறிவியலையும் கற்பிக்கலாம் என்றது அக்குழு. 1939இல் இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க் காலத்தை இந்தியாவிலேயே கழித்து, 1946 வரை ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். சிறு குழந்தை நீளத்தையும் கனத்தையும் தன் விரல்களால் உணர்ந்த பின்னரே எண்ணை அறிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அண்மைக் காலத்தில், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அன்றைய ஆணையர் எம். பி. விஜயகுமாரின் முயற்சியால் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைகளும் கற்றல் ஏணியும் அதற்கு முன்மாதிரி. 2007–08இல் அது தமிழ்நாடு முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியரும் பாயில் அமர்ந்தார். மக்தபில் பாயில் அமர்ந்தே பழகிய எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. பெருந்தொற்றுக் காலத்து இழப்பை ஈடுசெய்ய 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பாடலும் பொருளும் செயலும் கொண்டே முதல் மூன்று வகுப்புகளுக்குக் கற்பிக்க முனைந்தது.

எனினும் அட்டை வந்தால் மட்டும் போதாது. அட்டையில் ‘கனமானது எது?’ என்று அச்சிட்ட படத்தைப் பார்த்து விடை சொல்லும் பிள்ளை, கனத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. நானே பல நாள் அவ்வாறுதான் நடத்தினேன். பிறரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை.

மீண்டும் முத்தையாபுரம்

மறு ஆண்டு துணிந்து தொடங்கினேன். முதல் வாரம் சாணும் முழமும். வகுப்பறையின் நீளத்தை ஒவ்வொரு பிள்ளையும் தன் சாணால் அளந்தது. இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் வெவ்வேறு எண்கள் வந்தன. “யார் சொன்னது சரி சார்?” என்று கேட்டனர். நான் விடை சொல்லவில்லை. அரைமணி வாதத்துக்குப் பின், “எல்லாரும் ஒரே ஆள் கையால அளப்போம்” என்றான் ஒரு சிறுவன். அளவுக்கோல் ஏன் பிறந்தது என்பதை அவன் கண்டுகொண்டான்.

அப்போது என் உம்மும்மாவின் நினைவு வந்தது. ஃபித்ரா அரிசி அளக்கும் நாளில் சிறுவர் நாங்கள் முந்திக்கொண்டு கையை நீட்டுவோம். “சின்னக் கை ஆகாது, மாமா கையால அள்ளட்டும்” என்பார்கள். பெரியவர் கையே அளவு என்பதை ஏட்டறியாத அந்த மூதாட்டி எங்களுக்குக் கற்பித்தார்கள். நான்தான் அதைக் கல்வி என்று அறிந்திருக்கவில்லை.

இரண்டாம் வாரம் மஞ்சாடி விதைகள். குச்சியும் நூலும் இரண்டு சிரட்டையும் கொண்டு பிள்ளைகள் தராசு கட்டினர். முதல் தராசு ஒருபக்கம் சாய்ந்தது. அதைச் சமப்படுத்த மண் அப்பினர், நூலை நகர்த்தினர். ஒரு ரூபாய் நாணயத்துக்கு இத்தனை மஞ்சாடி, ஓர் அழிப்பானுக்கு இத்தனை மஞ்சாடி என்று சிலேட்டில் எழுதினர். நிறுக்குமுன் ஊகித்துச் சொல்ல வேண்டும், பின்னர் நிறுக்க வேண்டும் என்பது மட்டுமே நான் விதித்த கட்டளை. வீட்டிலிருந்த பித்தளைப் பெட்டியையும் கொண்டுசென்றேன். பிள்ளைகள் துளைகளை எண்ணினர். ஐம்பது! அதன் பெயரே ஐம்பதாம் பெட்டி என்றதும், “அப்ப ஆயிரம் பெட்டியில ஓட்டை குட்டியா இருக்கும்” என்று ஒரு பெண்பிள்ளை உடனே சொன்னாள். நான் விளக்க எதுவும் எஞ்சவில்லை.

மூன்றாம் வாரம் டிகிரி. குளிர்பானம் உறிஞ்சும் குழலின் ஒரு முனையை மெழுகால் அடைத்து, உள்ளே சிறு ஆணிகளை இட்டு, நீரில் நேராக மிதக்கச் செய்தோம். நல்ல தண்ணீரில் ஒரு கோடு. நூற்றைம்பது கிராம் உப்பும் எண்ணூற்றைம்பது கிராம் தண்ணீரும் கலந்ததில் இன்னொரு கோடு. இடையே தாளை மடித்துப் பதினைந்து பங்கு. பிறகு கடல் நீரில் மிதக்கவிட்டபோது, நீர்மட்டம் மேற்கோட்டிலிருந்து ஏறக்குறைய கால்பங்கு இறங்கி நின்றது. மூன்றும் நான்குக்கும் இடையே!

அன்று நான்காம் வகுப்பிலிருந்து ஒரு சிறுமியை வரவழைத்திருந்தேன். அவள் தந்தை, என் வேண்டுகோளின்படி, தாம் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழலோடு வந்திருந்தார். பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வரத் தயங்கினார். அவரை அழைத்து வந்து மேசையருகே நிறுத்தினேன். பாத்தி நீரில் குழலை மிதக்கவிட்டு, குனிந்து கோட்டைப் பார்த்து, “இருபத்திரண்டு, இன்னும் மூணு நாலு நாள் வெயில் காயணும்” என்றார். பிள்ளைகள் தம் குழலை அதே நீரில் விட்டுப் பார்த்தனர். கோடுகள் முடிந்த இடத்தையும் கடந்து அது மேலே எழும்பி நின்றது. இன்னும் கோடு போட வேண்டும் என்று கூவினர்.

பிள்ளைகள் அனைவரும் கேட்க அச்சிறுமியிடம் சொன்னேன்: “சென்ற ஆண்டு நீ கேட்டபோது எனக்கு விடை தெரியாது, அம்மா. தெரியாது என்று சொல்லாமல் உன்னை உட்காரச் சொன்னது என் தவறு.” அவள் தந்தையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சற்று நேரங்கழித்து மெல்லக் கேட்டாள்: “மழை பெஞ்சா டிகிரி குறையுமா சார்?”

“தெரியாதே, அளந்து பார்ப்போமா?” என்றேன். அவள் குவளையை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

அன்பார்ந்த வாசகர்களே! சலாபங்கள் முடிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினர். இயற்கை முத்தைத் தேடிக் குளிக்கும் காலம் இனித் திரும்பாது. பெட்டிகளும் மஞ்சாடிகளும் அருங்காட்சிப் பொருளாகிவிட்டன. ஆனால் அவற்றைப் பயன்படுத்திய கையும் கண்ணும் நம் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கின்றன. அளவில் மோசடி செய்வோரை எச்சரிக்கும் ‘முதஃப்பிஃபீன்’ அத்தியாயத்தைச் சிறு வயதிலேயே நம் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். அளவை நேர்மை அவர்களுக்கு வாயளவில் நின்றுவிடாமல் கைப்பழக்கமாகவும் ஆக வேண்டுமானால், வீட்டில் ஒரு தராசும் ஒரு படியும் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வரும் ரமலானில் ஃபித்ரா அரிசியைக் கடையில் பொட்டலமாக வாங்கி முடித்துவிடாதீர்கள். பெரியவர் ஒருவர் இரு கையாலும் நான்கு முறை அள்ளட்டும்; பிள்ளைகள் அதை நிறுத்துப் பார்த்து எழுதட்டும்; அடுத்த வீட்டுப் பெரியவர் அள்ளியதையும் நிறுத்து ஒப்பிடட்டும். வேறுபாடு வரும். ஏன் வந்தது என்று கேட்பார்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு அவர்களோடு அமர்ந்து அளந்து பாருங்கள். அளந்தது குறைவாக இருந்தால் ஒரு கை கூட்டி வழங்கிவிடுங்கள்.